உருகும் சரக்கு: ஐஸ் ராஜா ஃபிரெடரிக் டியூடர்

ஏசி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது ஒரு டன்னா, ஒன்றரை டன்னா என்றுதான். அந்தப் பெட்டி மொத்தமே நூறு கிலோ வராது. அப்புறம் டன் எங்கிருந்து வந்தது? ஒரு டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் என்று தெர்மோ பேப்பரில் எழுதி மார்க் வாங்கிவிட்டு நாமளும் அதை மறந்துடுவோம். விஷயம் இதுதான்: ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுசாக உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதுதான் அந்த ஒரு டன். குளிரூட்டும் இயந்திரம் வருவதற்கு முன்பு குளிர்ச்சி என்பதை உலகம் டன் கணக்கில் பனிக்கட்டியாகத்தான் வாங்கியது. இயந்திரம் வந்த பிறகும் பழைய அளவு போகவில்லை.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. திருவல்லிக்கேணி பக்கம் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு ஏரியா இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான். மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் விவேகானந்தர் இல்லம்தான் அந்த ஐஸ் வீடு. அதற்குள் ஒரு காலத்தில் இருந்தது அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டி. பூமியில் பாதிச் சுற்றைக் கடந்து, ரெண்டு தடவை பூமத்திய ரேகையைத் தாண்டி, மரக்கப்பலில் வந்த பனிக்கட்டி. இதை ஒரு வியாபாரமாக்கிக் காட்டியவர் ஃபிரெடரிக் டியூடர். நம்ம ஸ்டார்ட்அப் கிளப் மேடையில் ஏறி இந்த ஐடியாவைச் சொல்லியிருந்தால் இரண்டாவது ஸ்லைடிலேயே இறக்கிவிட்டிருப்போம். அவர் காலத்திலும் அதுதான் நடந்தது.

டியூடர் பிறந்தது 1783 செப்டம்பர் 4, பாஸ்டன் நகரில். அப்பா வில்லியம் டியூடர் பேர்போன வக்கீல். விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் ராணுவச் சட்ட அதிகாரியாக இருந்தவர். அதாவது, இது ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து வந்தவரின் கதை இல்லை. அண்ணன் வில்லியம் ஹார்வர்டில் படித்தார், பின்னாளில் ஒரு புகழ்பெற்ற இலக்கியப் பத்திரிகையை ஆரம்பித்தார். ஃபிரெடரிக் 13 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார். ஹார்வர்டுக்குப் போகிற வாய்ப்பு இருந்தும் போகவில்லை. வியாபாரம்தான் வேண்டும் என்றார்.

பாஸ்டனுக்கு வெளியே சாகஸ் என்ற இடத்தில் குடும்பத்துக்கு ஒரு பண்ணை இருந்தது. அதில் ஒரு குளம். குளிர்காலத்தில் குளம் உறைந்ததும் பனிக்கட்டியை வெட்டி ஒரு பாதாளக் கிடங்கில் போட்டு வைப்பார்கள். கோடையில் ஐஸ்கிரீமும் குளிர்பானமும் அதில்தான். அந்த ஊர்ப் பணக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான் இது. 1801-ல், 17 வயதில், உடம்பு சரியில்லாத இன்னொரு சகோதரன் ஜான் ஹென்றியை அழைத்துக்கொண்டு ஃபிரெடரிக் கியூபாவின் ஹவானாவுக்குப் போனார். வெப்பமான ஊர் உடம்புக்கு நல்லது என்று நம்பிய காலம். போன இடத்தில் வெயிலும் கொசுவும் ரெண்டு பேரையும் வாட்டி எடுத்துவிட்டன. ஊர் திரும்பும் வழியில் உடல்நிலை மோசமாகி, 1802-ல் ஜான் ஹென்றி இறந்துபோனான். அந்த ஊர்களின் சூடு எப்படி இருக்கும் என்பது ஃபிரெடரிக்கின் உடம்புக்கே தெரிந்த விஷயம் ஆனது.

1805-ல் வீட்டில் பேச்சுவாக்கில் ஒரு யோசனை வந்தது. நம்ம குளத்து ஐஸை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன? இதைப் பேச்சில் முதலில் எடுத்தது அண்ணன் வில்லியம் என்பார்கள். அண்ணனுக்கு அது ஒரு சுவாரசியமான பேச்சு, அவ்வளவுதான். தம்பி அதை விடவில்லை. அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து ஐஸ் வியாபாரத்துக்கென்றே நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குறிப்புகள் தொடர்ந்தன.

முதல் பிரச்சினை, சரக்கை ஏற்றிக்கொள்ளக் கப்பல்காரர்கள் யாரும் தயாராக இல்லை. பனிக்கட்டி உருகித் தண்ணீராகிக் கப்பலுக்குள்ளேயே தேங்கினால் என்ன ஆவது என்று பயம். பயம் நியாயமானதுதான். டியூடர் 4,750 டாலர் கொடுத்து ஃபேவரிட் என்ற சொந்தக் கப்பலையே வாங்கினார். 1806 பிப்ரவரியில் சுமார் 130 டன் பனிக்கட்டியை வைக்கோலில் பொதிந்து, கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக்குக்குக் கிளம்பினார். பாஸ்டன் பத்திரிகை ஒன்று, இது ஜோக் இல்லை, உண்மையிலேயே இப்படி ஒரு கப்பல் போகிறது என்று செய்தி போட்டது. அவருக்கு அப்போது வயது 22. நம்ம ஃபைனல் இயர் வயசு.

மூணு வாரத்தில் கப்பல் செயின்ட் பியேர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சரக்கு பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தது. அதாவது, எல்லோரும் சிரித்த அந்த டெக்னிக்கல் பிரச்சினையை அவர் முதல் தடவையிலேயே கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டார். தோற்றது வேறொரு இடத்தில்.

அண்ணன் வில்லியமையும் உறவுக்காரர் ஜேம்ஸ் சாவேஜையும் முன்கூட்டியே அனுப்பி, அந்தத் தீவில் ஐஸ் விற்கும் தனி உரிமையை வாங்கச் சொல்லியிருந்தார். உரிமை கிடைத்தது. ஆனால் ஐஸை இறக்கி வைக்கக் கிடங்கு இல்லை. கப்பலிலிருந்தே விற்க வேண்டிய நிலை. வாங்க வந்தவர்களுக்கு அதை என்ன செய்வது என்றே தெரியவில்லை. உச்சி வெயிலில் திறந்தபடி தெருவில் தூக்கிப் போனவர் உண்டு. தட்டில் வைத்து வீட்டாரோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, உருகிப்போச்சே என்று சண்டைக்கு வந்தவர் உண்டு. ஒருத்தர் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். இன்னொருத்தர் உப்புக்குள் புதைத்தார். உப்பு போட்டால் ஐஸ் இன்னும் வேகமாக உருகும் என்பது நமக்குத் தெரியும், அவருக்கு யார் சொன்னது? எப்படிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று டியூடர் நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தார். டிவோலி என்ற தோட்ட விடுதிக்காரர், இந்த ஊரில் ஐஸ்கிரீம் செய்யவே முடியாது என்று சாதித்தார். டியூடர் தானே செய்து காட்டினார். முதல் ராத்திரியே 300 டாலருக்கு விற்றதாம். ஆனால் பின்னால் கப்பலில் மிச்சமெல்லாம் சொட்டிக்கொண்டே இருந்தது. இவ்வளவுக்கும் பிறகு சில ஆயிரம் டாலர் நஷ்டத்தோடு ஊர் திரும்பினார்.

இந்த மார்ட்டினிக் பயணத்தைத்தான் நான் இந்தக் கதையின் மையம் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுச் சந்தை என்றால் சரக்கைக் கொண்டுபோய் இறக்குவது என்று அவரும் நினைத்துத்தான் போனார். போன இடத்தில் கிடங்கு இல்லை, பழக்கம் இல்லை, அந்தப் பொருளைப் பற்றிய அறிவு இல்லை. சந்தை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. அதை ஒவ்வொரு ஊராக அவரே கட்ட வேண்டியிருந்தது, செங்கல் வைத்துக் கட்டுகிற மாதிரி. அதற்கு ஆன காலம் கிட்டத்தட்ட இருபது வருஷம். அந்த இருபது வருஷமும் கடன்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

1807-ல் ஹவானாவுக்கு 240 டன் அனுப்பினார். அந்த வருஷக் கடைசியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு வணிகத்துக்கே தடை போட்டது. பிரிட்டனும் பிரான்சும் அடித்துக்கொண்டதன் விளைவு அது. அதே காலத்தில் அப்பா, தென் பாஸ்டன் நிலத்தில் பணத்தைப் போட்டு மொத்தக் குடும்பச் சொத்தையும் இழந்தார். இதுவரை இருந்த மெத்தை போய்விட்டது. 1812-ல் கடனுக்காக ஃபிரெடரிக்கை நடுத்தெருவில் கைது செய்து சிறையில் போட்டார்கள். 1813-ல் மறுபடியும். அப்போதெல்லாம் வாங்கிய கடனைக் கட்டாவிட்டால் நேரே ஜெயில்தான். போதாக்குறைக்கு 1812-லேயே பிரிட்டனோடு போரும் வந்து கடல் வணிகம் அடைபட்டது.

போர் முடிந்த 1815-ல், கடன் வாங்கிய காசில், கடன்காரர்களின் சார்பில் ஷெரீப் ஆட்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே ஹவானாவுக்குக் கப்பலேறினார். ஐஸ் எடுத்துக்கொண்டு போகவில்லை. மரம் எடுத்துக்கொண்டு போனார், கிடங்கு கட்ட. மார்ட்டினிக் பாடம் நன்றாகவே உறைத்திருந்தது. முதலில் வீடு, அப்புறம்தான் சரக்கு.

அதுவரை ஐஸ் கிடங்கு என்றால் பூமிக்கடியில் குழி தோண்டுவதுதான் வழக்கம். டியூடர் தரைக்கு மேலே கட்டினார். வெளிச்சுவர் ஒன்று, உள்சுவர் ஒன்று. இடையில் வெப்பத்தைக் கடத்தாத நிரப்புப் பொருள். மரத்தூள், மரச்சீவல், நெல் உமி என்று எது நல்லது என்று பார்த்தார். எப்படி? உருகி வடியும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து, கையில் கடிகாரத்தோடு மணிக்கு எவ்வளவு என்று அளந்தார். கதவை எத்தனை முறை திறந்தால் எவ்வளவு கூடுகிறது என்பதையும் பார்த்தார். 13 வயதில் படிப்பை விட்டவர் நடத்திய இந்தச் சோதனையை நம்ம ஹீட் டிரான்ஸ்ஃபர் லேபில் தாராளமாக ஒரு எக்ஸ்பெரிமெண்டாக வைக்கலாம். வேண்டாத உருகலைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார். வடியும் தண்ணீர் உள்ளே தேங்கக் கூடாது, உடனே வெளியேற வேண்டும் என்பதும் அப்படித் தெரிந்ததுதான். தேங்கிய தண்ணீரில் நிற்கும் பனிக்கட்டி வேகமாகக் கரையும்.

நடுவில் ஒரு கிறுக்குத்தனமும் நடந்தது. ஐஸ் இறக்கிய கப்பல் காலியாகத்தானே திரும்புகிறது, அதில் கியூபாவின் பழங்களை ஐஸும் வைக்கோலும் போட்டு நியூயார்க்குக்குக் கொண்டுவரலாம் என்று 1816-ல் முயற்சி பண்ணினார். அதற்கு 40 சதவீத வட்டிக்குக் கடன்! பழம் பெரும்பாலும் வழியிலேயே அழுகிவிட்டது. இன்றைக்கு கோல்டு செயின் என்று நாம் பெருமையாகச் சொல்லும் யோசனைதான் அது. அவருக்குக் கிடைத்தது துர்நாற்றமும் புதுக்கடனும்.

அதன் பிறகு 1817-ல் சார்ல்ஸ்டன், 1818-ல் சவானா, கொஞ்ச நாள் கழித்து நியூ ஆர்லியன்ஸ் என்று அமெரிக்காவின் தென்பகுதி நகரங்களில் கிடங்குகள் எழுந்தன. இங்கே அவர் விற்பனையில் செய்த வேலை இன்றைக்கும் எல்லா ஆப் கம்பெனிகளும் செய்வதுதான். மதுக்கடைகளுக்குக் கொஞ்ச நாள் ஐஸ் இலவசம். ஒரே நிபந்தனை, குளிர்ந்த பானத்தையும் சாதா பானத்தையும் ஒரே விலைக்கு விற்க வேண்டும். ஒரு வாரம் ஜில்லென்று குடித்தவன் மறுபடி வெதுவெதுப்பானதைத் தொட மாட்டான் என்பது அவர் கணக்கு. தன் ஏஜென்டுகளுக்கு இதையே திரும்பத் திரும்பச் சொல்லி எழுதினார். காய்ச்சல் நோயாளிகளுக்கு ஐஸ் நல்லது என்று மருத்துவர்கள் பக்கமும் போனார். போட்டிக்காரன் எவனாவது ஒரு கப்பல் ஐஸோடு வந்தால், தன் விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடுவார். கிடங்கு இல்லாதவனின் சரக்கு துறைமுகத்திலேயே ஓடி முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, விலையை மறுபடி ஏற்றுவார். கில்லாடிதான். நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை.

விற்பனை பெருகப் பெருக, ஏரியில் அறுப்பது தடையாக ஆனது. கோடாலியும் ரம்பமும் வைத்து ஆட்கள் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வடிவம். அடுக்கினால் நடுவில் காற்று இடைவெளி. இடைவெளி இருந்தால் உருகும். இதைத் தீர்த்தவர் நத்தானியல் வைத். கேம்பிரிட்ஜ் ஃபிரெஷ் பாண்ட் ஏரிக்கரையில் ஹோட்டல் நடத்திய குடும்பத்துப் பையன். குதிரை இழுக்கும் ஏர் மாதிரி, இரும்புப் பற்கள் வைத்த ஒரு கருவியை 1825 வாக்கில் செய்தார். ஏரி முழுக்கச் செஸ் போர்டு மாதிரி கோடு கிழித்து, அதே கோட்டில் ஆழமாக வெட்டி, கடைசியில் கடப்பாரையால் நெம்பினால் ஒரே அளவுச் சதுரக் கட்டிகள் கழன்று வரும். செலவு டன்னுக்கு 30 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டுக்கு இறங்கியது. கட்டிகள் செங்கல் மாதிரி நெருக்கி அடுக்க வந்ததால் உருகலும் குறைந்தது. டியூடர் வைத்தைத் தன் மேனேஜராகவே எடுத்துக்கொண்டார்.

இந்த வியாபாரத்தின் பொருளாதாரம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மூலப்பொருளுக்கு விலை கிடையாது, ஏரி தானாக உறைகிறது. பொதியும் மரத்தூள், மெயின் மாநிலத்து மர ஆலைகள் தூக்கி எறிந்த குப்பை. கப்பலோ, பாஸ்டனிலிருந்து தெற்கே போகும்போது பெரும்பாலும் போதிய சரக்கில்லாமல், நிலைப்பாட்டுக்காகக் கல்லை ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வரும்போதுதான் சர்க்கரை, பருத்தி என்று நிறையும். கல்லுக்குப் பதில் என் ஐஸை ஏற்று, அதற்குக் கொஞ்சம் காசும் தருகிறேன் என்றால் கப்பல்காரருக்குக் கசக்குமா? இப்படி யாருக்கும் வேண்டாத மூணு பொருள்களை, உறைந்த தண்ணீர், மரத்தூள், காலியான கப்பல் வயிறு, ஒன்றாகச் சேர்த்தார். செலவெல்லாம் போய்ச் சேரும் இடத்தில், கிடங்கில்தான்.

1833-ல் சாமுவேல் ஆஸ்டின் என்ற பாஸ்டன் வியாபாரி வந்தார். அவருடைய கப்பல்கள் கல்கத்தாவுக்குப் போய்வந்து கொண்டிருந்தன, போகும்போது வயிறு காலி. வில்லியம் ராஜர்ஸ் என்பவரையும் சேர்த்து மூணு பேரும் பங்குதாரர்கள் ஆனார்கள். டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு மே 12 அன்று பாஸ்டனை விட்டது. சூயஸ் கால்வாய் எல்லாம் அப்போது கிடையாது. அட்லாண்டிக்கில் ஒரு தடவை பூமத்திய ரேகை, ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து இந்தியப் பெருங்கடலில் இன்னொரு தடவை. நாலு மாதம் கழித்து, செப்டம்பரில் ஹூக்ளிக்கு வந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது.

பேனாவை எடுங்க, ஒரு சின்னக் கணக்கு. உருகியது 80 டன், நாள் சுமார் 120. நாளைக்கு முக்கால் டன்னுக்கும் குறைவு. அதாவது, நாலு மாதம் கடலில் மிதந்த அந்தக் கப்பலின் மொத்தச் சரக்கறைக்குள் கசிந்த வெப்பத்தைச் சமாளிக்க, இன்றைய ஒரு டன் ஏசி ஒன்றே போதும், அதுவும் முழு வேகத்தில் ஓட வேண்டியதில்லை. வெறும் மரத்தூளும் நெருக்கமாக அடுக்குவதும் செய்த வேலை இது. இன்னொன்று, குவியல் பெரிதாகப் பெரிதாகக் கன அளவு கூடும் வேகத்துக்கு வெளிப்பரப்பு கூடாது. நம்ம டம்ளர் ஐஸ் பத்து நிமிஷத்தில் போவதும், 180 டன் குவியல் நாலு மாதம் தாங்குவதும் அதனால்தான்.

கல்கத்தாவில் ஐஸ் புதுசு இல்லை. குளிர்கால இரவுகளில் சின்சுரா பக்கம் வைக்கோல் மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடியற்காலையில் மெல்லிய ஏடாக உறைவதைச் சுரண்டி எடுப்பார்கள். ஹூக்ளி ஐஸ் என்று பெயர். அழுக்கும் கூழுமாக இருக்கும், விலையோ அதிகம். அதன் முன்னால் பாஸ்டன் கட்டி கண்ணாடி மாதிரி நின்றது. அங்கிருந்த ஆங்கிலேயர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். சுங்க வரி இல்லாமல், வெயிலுக்கு முன் ராத்திரியிலேயே இறக்க அனுமதி தந்தார்கள். கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பிரபு ராஜர்ஸுக்கு ஒரு வெள்ளிக் கோப்பையைப் பரிசளித்தார். கிடங்கு கட்ட ஊரே சந்தா திரட்டியது. மார்ட்டினிக்கில் ஒரு கிடங்குக்காகத் தவித்தவருக்கு, வாடிக்கையாளர்களே காசு போட்டுக் கிடங்கு கட்டிக் கொடுத்தார்கள்!

இந்த இடத்தில் நிறுத்தினால் அருமையான மோட்டிவேஷன் வீடியோ ஆகிவிடும். ஆனால் அதே சமயத்தில் இந்த மனுஷன் இன்னொரு வேலையும் பண்ணிக்கொண்டிருந்தார். காபி விலை ஏறும் என்று கணக்குப் போட்டு, வருங்கால விலை மேல் பெரும் பணம் கட்டியிருந்தார். விலை சரிந்தது. கடன் 2 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஐஸ் விஷயத்தில் ஊர் சிரித்தும் விடாமல் பிடித்துக்கொண்ட அதே பிடிவாதம்தான் காபியிலும் வேலை செய்தது. ஒன்றை விடாமுயற்சி என்கிறோம், இன்னொன்றைச் சூதாட்டம் என்கிறோம். உள்ளே இருந்து பார்த்த அவருக்கு ரெண்டும் வேறு வேறாகத் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஐஸில் அவர் கையில் அளந்து பார்த்த எண்கள் இருந்தன. காபியில் அப்படி எதுவும் இல்லை.

அப்போது அவருக்கு வயது 50. அதே 1834 ஜனவரியில்தான் யூஃபீமியா ஃபென்னோ என்ற 19 வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆறு குழந்தைகள் பிறந்தன. கடன்காரர்கள் இந்தத் தடவை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. ஐஸ் வியாபாரத்தை அவரே நடத்தினால்தான் தங்கள் காசு வரும் என்று அவர்களுக்கும் புரிந்திருந்தது. கல்கத்தாவே அதில் பெரும்பகுதியைக் கட்டியது. அடுத்த 15 வருஷத்தில் அந்த ஒரு ஊரிலிருந்து மட்டும் சுமார் 2,20,000 டாலர் லாபம் வந்தது. 1849 வாக்கில் கடன் முழுசாகத் தீர்ந்தது.

மெட்ராஸ் கிடங்கு எழுந்தது 1842-ல். அன்றைக்கு இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, அலையைத் தாண்டி மசூலா படகில்தான் எதுவும் கரைக்கு வரும். அதனால்தான் அந்த ஐஸ் வீடு கடற்கரையை ஒட்டியே நிற்கிறது. ஐஸோடு அதே குளிரில் பாஸ்டன் பக்கத்து ஆப்பிளும் வெண்ணெயும் கூட இந்தியாவுக்கு வந்தன. 1816-ல் அழுகிப்போன யோசனை, வேறு திசையில் பலித்தது.

இந்த ஐஸ் யாருக்கு வந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மார்ட்டினிக், ஹவானா, சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் எல்லாமே அடிமைகளின் உழைப்பில் கொழித்த ஊர்கள். ஜில்லென்று குடித்தவர்கள் அந்தப் பணத்தில் குடித்தவர்கள். திரும்பி வந்த கப்பலை நிறைத்த சர்க்கரையும் பருத்தியும் அதே உழைப்புதான். இந்தியாவிலும் வெள்ளைக்கார அதிகாரிகளின் மேஜைக்குத்தான் முதலில் போனது. திருவல்லிக்கேணித் தெருவில் நடந்து போன நம்ம கொள்ளுத்தாத்தாக்கள் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருப்பார்கள். டியூடர் இதைப் பற்றி மனதை அலட்டிக்கொண்டவர் இல்லை. வாங்க ஆள் இருக்கிற இடத்துக்குச் சரக்கை அனுப்பினார், அவ்வளவுதான்.

வியாபாரம் பெரிதானதும் போட்டியும் பெரிதானது. ஃபிரெஷ் பாண்ட் ஏரியில் யாருடைய ஐஸ் எது என்று தகராறு வந்து, ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சைமன் கிரீன்லீஃப் வரைக்கும் போனது. கரையில் யாருக்கு எவ்வளவு நீளமோ, அந்த விகிதத்தில் நீர்ப்பரப்பைப் பிரித்து 1841-ல் வரைபடம் போட்டார்கள். தண்ணீர் மேல் வரப்பு! அதே வருஷம் ஏரியிலிருந்து சார்ல்ஸ்டவுன் துறைமுகத்துக்கு ஐஸுக்காகவே ரயில் பாதை வந்தது. 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் இறங்கி அறுத்தபோது, கரையில் குடிசை போட்டிருந்த தோரோ அதை உட்கார்ந்து பார்த்தார். தன் கிணற்றுத் தண்ணீரை மெட்ராஸ்காரர்களும் கல்கத்தாக்காரர்களும் குடிக்கப் போகிறார்கள் என்று அவர் தன் புத்தகத்தில் எழுதி வைத்தது அப்படித்தான். 1856-ல் பாஸ்டனிலிருந்து எல்லா வியாபாரிகளும் சேர்த்து அனுப்பியது சுமார் 1,46,000 டன், 53 ஊர்களுக்கு. ஐம்பது வருஷம் முன்பு ஒரே கப்பல், ஒரே ஊர்.

கடைசிக் காலத்தில் நஹன்ட் என்ற கடலோர ஊரில், காற்று அடித்து மரமே வளராது என்று சொன்ன இடத்தில் மரம் வளர்ப்பதில் இறங்கினார். உயரமான வேலி கட்டிக் காற்றை மறைத்துப் பழமரங்களைக் காப்பாற்றினார். அங்கேயும் இன்சுலேஷன்தான்! 1864 பிப்ரவரி 6 அன்று, 80 வயதில், பாஸ்டனில் இறந்தார். ஏரிகளில் ஐஸ் அறுவடை நடக்கிற மாதம் அது.

அவர் போன பத்துப் பதினைந்து வருஷத்தில் மெட்ராஸிலும் கல்கத்தாவிலும் ஐஸ் தயாரிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பாஸ்டன் கப்பல்களின் வரவு நின்றது. கல்கத்தா கிடங்கும் பம்பாய் கிடங்கும் இன்றைக்கு இல்லை. மெட்ராஸ் கட்டடத்தை வக்கீல் பிலிகிரி அய்யங்கார் வாங்கி வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கேதான் தங்கினார், அதனால்தான் இப்போதைய பெயர். பஸ்ஸில் போகும்போது அந்த வளைந்த முகப்பைப் பார்த்தால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. ஜன்னல்கள் எல்லாம் பிற்பாடு வைத்தவை. ஐஸ் இருந்த காலத்தில் அந்த வீட்டுக்கு வெளிச்சம் ஆகாது.